ஆங்கிலப் பன்மை எங்கே தவறுகிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். சிவப்பு மை அதிகம் செலவாகும் இடங்களில் ஒன்று பன்மை. ‘எஸ்’ சேர்த்தால் போதும் என்ற விதி முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிடுகிறது. அதற்கு அடங்காத சொற்களுக்கு ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். பட்டியலில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்வு முடிந்த மறுவாரம் அது நினைவில் நிற்பதில்லை. தவறு எந்த வடிவில் தலைகாட்டுகிறது என்று பார்த்து, அதன் காரணத்தைப் பிடித்தால்தான் அது திரும்ப வராது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. சில தவறுகள் தமிழ்ப் பழக்கத்திலிருந்து வருகின்றன. வேறு சிலவற்றுக்கு மருந்தே தமிழில் இருக்கிறது. உங்கள் தவறு எந்தத் தலைப்பில் வருகிறதோ, நேராக அங்கே போகலாம்.

‘சில்ட்ரன்ஸ்’, ‘மென்ஸ்’ என்று எழுதிவிடுகிறேன்

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெயர்ப்பலகைகளிலிருந்து. மென்ஸ் ஹாஸ்டல், விமின்ஸ் காலேஜ், நவம்பர் 14 அன்று சில்ட்ரன்ஸ் டே என்று சிறு வயது முதல் காதில் விழுகிறது. அங்கெல்லாம் வரும் ‘எஸ்’ பன்மைக் குறி அல்ல. ‘உடைய’ என்ற பொருளைத் தருவது. குழந்தைகளுடைய நாள், பெண்களுடைய கல்லூரி. எழுதும்போது அதற்கு முன்னால் மேற்கோள் போன்ற சிறு குறி வரும்.

சோதனை எளிது. எழுதிய சொல்லுக்குப் பின்னால் இன்னொரு பெயர்ச்சொல் வந்து, இடையில் ‘உடைய’ பொருந்தினால், அந்த ‘எஸ்’ஸைக் குறியோடு விட்டுவிடுங்கள். பின்னால் வினைச்சொல் வந்தால் அடித்துவிடுங்கள். ‘சில்ட்ரன் ஆர் ப்ளேயிங்’ என்பதே சரி.

இன்னும் ஒன்று. ‘சில்ட்ரன்’ ஏற்கனவே இரட்டைப் பன்மை. பழைய ஆங்கிலத்தில் ‘சில்ட்ரு’ என்ற வடிவமே பன்மையாக வழங்கியது. காலப்போக்கில் அதன் பன்மைத் தன்மை மங்கிப்போக, அக்காலத்தில் வழங்கிய ‘என்’ என்ற இன்னொரு விகுதியை மக்கள் மேலே ஒட்டினார்கள். நாமும் இதையே செய்திருக்கிறோம். ‘அவர்’ என்பது முன்பு பன்மை. அது ஒருவரை மரியாதையாகக் குறிக்கும் சொல்லாக மாறியதும், பலரைச் சுட்ட ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ என்றோம். ‘சில்ட்ரன்ஸ்’ என்று எழுத நேரும்போது, ‘அவர்கள்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். கை தானாக நிற்கும்.

அந்த ‘என்’ விகுதி ஒரு காலத்தில் பல சொற்களில் இருந்தது. 1490இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டன் ஒரு மொழிபெயர்ப்பின் முன்னுரையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தேம்ஸ் நதியில் காற்றில்லாமல் கப்பல் நின்றுவிட, வணிகர்கள் கரையிறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வீட்டில் ‘எக்ஸ்’, அதாவது முட்டைகள், கேட்டார். அந்த வீட்டுப் பெண் தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். வணிகருக்குக் கோபம்; அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பிறகு இன்னொருவர் ‘ஐரன்’ வேண்டும் என்று கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ‘சில்ட்ரன்’ உருவான அதே முறையில் உருவான முட்டையின் பன்மை அது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரு முட்டைக்கு இரண்டு பன்மைகள் போட்டியிட்டன. ‘எக்ஸ்’ வென்றது, ‘ஐரன்’ மறைந்தது. இன்று அன்றாட ஆங்கிலத்தில் ‘என்’ தங்கியிருப்பது ‘சில்ட்ரன்’, ‘ஆக்ஸன்’ என்ற இரண்டில்தான். சமயக் குழுவினரைச் சுட்டும் ‘பிரெத்ரன்’ மூன்றாவது. உடன்பிறந்த அண்ணன் தம்பிகளுக்கு அது வராது, அங்கே ‘பிரதர்ஸ்’தான்.

‘ஃபூட்ஸ்’, ‘டூத்ஸ்’, ‘மவுஸஸ்’ என்று வந்துவிடுகிறது

வீட்டில் சிறு குழந்தை இப்படிச் சொன்னால் திட்டாதீர்கள். 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், உலகில் இல்லாத ஓர் உருவத்தின் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டி, ‘இது ஒரு வக்’ என்றார். பிறகு இரண்டு உருவங்களைக் காட்டினார். இதற்கு முன் கேட்டே இராத சொல்லுக்குக் குழந்தைகள் ‘வக்ஸ்’ என்று பன்மை சொன்னார்கள். விதியைத் தாமாகவே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்கு அது சான்று. ‘ஃபூட்ஸ்’ என்பதும் அதே அறிவின் வெளிப்பாடுதான். விதி கிடைத்துவிட்டது, விலக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இந்த விலக்கில் இன்று ஏழே சொற்கள்: மேன், உமன், ஃபுட், டூத், கூஸ், மவுஸ், லவுஸ். இவற்றில் சொல்லின் நடுவில் உள்ள உயிர் மாறுகிறது: மென், விமின், ஃபீட், டீத், கீஸ், மைஸ், லைஸ். மிகப் பழங்காலத்தில் இந்தச் சொற்களின் பன்மையில் இறுதியில் ஓர் ‘இ’ ஒலி இருந்தது. வரப்போகும் ‘இ’க்காக நாக்கு முன்கூட்டியே முன்னால் நகர, நடு உயிரும் அதன் பக்கம் சாய்ந்தது. பிறகு அந்த ‘இ’ தேய்ந்து விழுந்துவிட்டது; சாய்வு மட்டும் நின்றுவிட்டது. ‘புக்’ என்ற சொல்லுக்கும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட பன்மை இருந்தது. அது பொது விதிக்குள் வந்து ‘புக்ஸ்’ ஆகிவிட்டது. மேலே உள்ள ஏழும் நாள்தோறும் வாயில் புழங்கியதால் மாறாமல் தப்பின.

இதே குடும்பம் போலத் தோன்றி ஏமாற்றும் சொற்கள்தான் அடுத்த சிக்கல். ‘மங்கூஸ்’, அதாவது கீரி, ‘கூஸ்’ போல முடிகிறது. பன்மை ‘மங்கீஸ்’ அல்ல, ‘மங்கூஸஸ்’. அது மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்; வாத்தோடு அதற்கு உறவில்லை. ‘ஹியூமன்’, ‘ஜெர்மன்’, ‘ரோமன்’ ஆகியவற்றின் இறுதியில் ‘மேன்’ என்ற சொல் இல்லை, அப்படி எழுதப்படுகிறது, அவ்வளவே. எனவே ‘ஹியூமன்ஸ்’, ‘ஜெர்மன்ஸ்’.

உச்சரிப்பில் ஒரு பிழையும் இங்கே உண்டு. ‘உமன்’ என்பதன் பன்மையைப் பலர் ‘உமென்’ என்கிறார்கள். எழுத்தில் மாறுவது இரண்டாம் அசை. ஒலியில் பெரிதாக மாறுவது முதல் அசை. ‘விமின்’ என்று சொல்ல வேண்டும். ‘போலீஸ்மன்’ என்பதில் நிலைமை நேர்மாறு. ஒருமைக்கும் பன்மைக்கும் பேச்சில் வேறுபாடு கேட்பதே அரிது, எழுத்தில் மட்டும் ‘ஏ’ போய் ‘இ’ வரும். சொல்வதை எழுதச் சொன்னால் மாணவர்கள் இடறுவது இங்கேதான். வினைச்சொல்லைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘எஃப்’ எப்போது ‘வி’ ஆகும், எப்போது ஆகாது என்று தெரியவில்லை

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. விடை தமிழ் எழுத்துமுறைக்குள்ளேயே இருக்கிறது.

‘கடல்’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ‘அகல்’ என்று சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே ‘க’தான். ஆனால் சொல்லின் தொடக்கத்தில் அது வன்மையாகவும், இரண்டு உயிர்களுக்கு நடுவே தளர்ந்தும் ஒலிக்கிறது. இதற்கென்று நாம் தனி எழுத்து வைத்துக்கொள்ளவில்லை. இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘எஃப்’ அப்படித்தான் இருந்தது. சொல்லின் முதலிலும் இறுதியிலும் ‘எஃப்’ ஒலி, உயிர்களுக்கு நடுவே ‘வி’ ஒலி, எழுத்து ஒன்றே. ‘நைஃப்’ என்ற சொல்லில் அது இறுதியில் நிற்கிறது. பன்மை விகுதி சேர்ந்ததும் இரு உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு தளர்கிறது. பிற்காலத்தில் ‘வி’க்குத் தனி எழுத்து வழக்குக்கு வந்ததால், அந்த வேறுபாடு எழுத்திலும் நிலைத்துவிட்டது: ‘நைவ்ஸ்’.

அப்படியானால் மாறுபவை பழைய ஆங்கிலச் சொற்களாக இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கின்றன. கத்தி, மனைவி, வாழ்க்கை, இலை, ரொட்டி, பாதி, கன்று, ஓநாய், அலமாரித் தட்டு, திருடன், கதிர்க்கட்டு. இந்தப் பதினொன்றுக்குமான ஆங்கிலச் சொற்கள் வீட்டையும் வயலையும் சேர்ந்தவை. இவை எல்லாவற்றிலும் ‘எஃப்’ போய் ‘வி இ எஸ்’ வரும். பிற்காலத்தில் பிரெஞ்சிலிருந்து வந்தவை பெரும்பாலும் மாறுவதில்லை. ‘தீஃப்’ மாறி ‘தீவ்ஸ்’ ஆகிறது, ‘சீஃப்’ மாறாமல் ‘சீஃப்ஸ்’ ஆகிறது. எழுத்தில் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தாலும் முன்னது உள்ளூர், பின்னது பிரெஞ்சு. கைக்குட்டையைக் குறிக்கும் ‘ஹேண்ட்கர்சீஃப்’ என்பதன் வாலில் இருப்பதும் அதே பிரெஞ்சுச் சொல்தான். ஆகவே நிலையான பன்மை ‘ஹேண்ட்கர்சீஃப்ஸ்’.

இந்த விதிக்கு அடங்காத உள்ளூர்ச் சொல் ஒன்றை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள்: ‘ரூஃப்’. கூரை பழைய சொல்தான், ஆனாலும் பன்மை ‘ரூஃப்ஸ்’. ‘எஃப்’ இரட்டித்து வரும் ‘கிளிஃப்’ போன்றவற்றிலும் மாற்றம் இல்லை.

‘பிலீஃப்’ என்பதன் பன்மையை ‘பிலீவ்ஸ்’ என்று எழுதிவிட்டீர்களா? அது ‘நம்புகிறார்’ என்ற வினைச்சொல். நம்பிக்கைகள் ‘பிலீஃப்ஸ்’. இதேபோல ‘ப்ரூஃப்ஸ்’ சான்றுகள், ‘ப்ரூவ்ஸ்’ நிரூபிக்கிறார். ஆனால் வாழ்க்கையைக் குறிக்கும் பன்மையும் ‘வாழ்கிறார்’ என்ற வினையும் எழுத்தில் ஒன்றே. உச்சரிப்பில் முன்னது ‘லைவ்ஸ்’, பின்னது ‘லிவ்ஸ்’.

‘ஷீப்ஸ்’, ‘டீர்ஸ்’ என்று எழுதினேன், தவறு என்கிறார்கள்

ஆடு, மான், விமானம் ஆகியவற்றைக் குறிக்கும் ‘ஷீப்’, ‘டீர்’, ‘ஏர்கிராஃப்ட்’, தொடரைக் குறிக்கும் ‘சீரீஸ்’, உயிரினத்தைக் குறிக்கும் ‘ஸ்பீஷீஸ்’ எல்லாம் ஒருமையிலும் பன்மையிலும் ஒன்றே. இது விசித்திரமாகத் தோன்றினால் தமிழ் இலக்கண வகுப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பால்பகா அஃறிணைப் பெயர் என்று படித்தோம்: ‘ஆ வந்தது’, ‘ஆ வந்தன’. பெயர் மாறவில்லை, ஒன்றா பலவா என்பதை வினை சொல்லிவிட்டது. ஆங்கில ஆடும் அதே வகை. ‘தி ஷீப் இஸ்’ என்றால் ஒன்று, ‘தி ஷீப் ஆர்’ என்றால் பல. எனவே திருத்த வேண்டியது பெயரை அல்ல, வினையைச் சரிபார்க்க வேண்டும்.

மீனுக்கு ‘ஃபிஷ்’ என்பதே வழக்கமான பன்மை. பல இனங்களைப் பிரித்துப் பேசும்போது, குறிப்பாக உயிரியலில், ‘ஃபிஷஸ்’ வரும்.

‘பர்னிச்சர்ஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’

நம்மவர் கடிதங்களில் நான் அதிகம் காணும் தவறு இது. அலுவலக விண்ணப்பங்களிலும் ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் கூட இருக்கிறது. காரணம் நேரடியாகத் தமிழ்தான். தகவல்கள், அறிவுரைகள், செய்திகள், கருவிகள், மூட்டைகள் என்று நாம் எண்ணுகிறோம். ஆங்கிலம் இவற்றை எண்ணுவதில்லை, தண்ணீரைப் போல ஒரே திரளாகப் பார்க்கிறது. ‘தண்ணீர்கள்’ என்று நாம் சொல்ல மாட்டோம். எண்ணாத பெயர் என்ற கருத்து நமக்குத் தெரியும். எல்லைக்கோடு மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு வழி சொல்கிறேன். நகைநட்டு, சொத்துபத்து, பண்டபாத்திரம், தட்டுமுட்டு என்று இணைச்சொற்கள் நம்மிடம் உண்டு. ‘நகைநட்டுகள்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘சொத்துபத்துகள்’ என்றும் சொல்வதில்லை. அவை பல பொருள்களைச் சேர்த்துப் பிடித்த ஒரே பெயர்கள். ‘பர்னிச்சர்’, ‘லக்கேஜ்’, ‘எக்விப்மென்ட்’, ‘ஜுவல்லரி’, ‘மெஷினரி’ ஆகியவற்றையும் அப்படியே நினையுங்கள். நாற்காலி என்றால் ‘சேர்ஸ்’ உண்டு, பெட்டி என்றால் ‘பேக்ஸ்’ உண்டு. அவற்றைத் தழுவிய தொகுப்புப் பெயருக்கு ‘எஸ்’ கிடையாது. எண்ணியே ஆக வேண்டும் என்றால் ‘டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’ என்பது போல ‘பீஸ்’ என்ற சொல்லிடம் எண்ணிக்கையை ஒப்படைக்க வேண்டும்.

தலைமுடி இரு வகையிலும் வரும். மொத்தமாக ‘ஹேர்’ ஒருமை. சாப்பாட்டில் கிடந்த இரண்டு முடிகளைச் சொல்ல ‘டூ ஹேர்ஸ்’.

‘எஸ்’ஸில் முடிந்தும் ஒருமையாக நடப்பவை உண்டு: ‘நியூஸ்’, ‘மேத்தமேட்டிக்ஸ்’, ‘மீசில்ஸ்’. இவற்றுக்கு ‘இஸ்’ போடுங்கள். ‘எஸ்’ இல்லாமலே பன்மையாக நடப்பவை ‘பீப்பிள்’, ‘போலீஸ்’, ‘கேட்டில்’. இவற்றுக்கு ‘ஆர்’. ‘பீப்பிள்ஸ்’ என்று வருவது பல இனங்களை, பல மக்களினங்களைக் குறிக்கும்போது மட்டுமே.

‘ஐ ஆம் அன் அலும்னை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்

லத்தீனிலும் கிரேக்கத்திலும் இருந்து வந்த சொற்கள் தம் ஊர்ப் பன்மையையும் கையோடு கொண்டுவந்தன. பன்மையை ஒருமை என்று எண்ணிக்கொள்வது இங்கே முதல் தவறு. ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர் ஒருவர் ‘அலும்னஸ்’, மாணவி ‘அலும்னா’, பலர் ‘அலும்னை’. ஒரு அளவுகோல் ‘கிரைட்டீரியன்’, பல ‘கிரைட்டீரியா’. ஒரு நிகழ்வு ‘ஃபினாமினன்’, பல ‘ஃபினாமினா’. ஒரு நுண்ணுயிர் ‘பாக்டீரியம்’. ‘டேட்டா’ மட்டும் தளர்ந்துவிட்டது. அறிவியல் எழுத்தில் பன்மையாகவும் அன்றாட எழுத்தில் ஒருமையாகவும் இரண்டையும் ஏற்கிறார்கள். ‘அஜெண்டா’ லத்தீனில் பன்மையாக இருந்தும் முழுக்க ஒருமையாகிவிட்டது. ‘அஜெண்டாஸ்’ என்று எழுதலாம்.

‘அனாலிசிஸ்’, ‘கிரைசிஸ்’, ‘தீசிஸ்’ வகையில் தமிழ்க் காதுக்கு ஒரு சாதகம் உண்டு. கடைசி அசையில் உள்ள குறில் நெடிலாகிறது: அனாலிசீஸ், கிரைசீஸ், தீசீஸ். எழுத்தில் ‘ஐ’ இருந்த இடத்தில் ‘இ’ வரும். குறில் நெடில் வேறுபாட்டில் வளர்ந்த நமக்கு இது ஒரு முறை கேட்டாலே போதும்.

எதிர்த்திசைத் தவறு இன்னும் கவனிக்க வேண்டியது. ‘அஸ்’ என்று முடிந்தாலே ‘ஐ’ போடுவது. ‘ஃபங்கஸ்’, ‘நியூக்ளியஸ்’, ‘ரேடியஸ்’ அப்படி மாறுகின்றன. ‘ஆக்டோபஸ்’ கிரேக்கச் சொல், எனவே ‘ஆக்டோபஸஸ்’. ‘வைரஸ்’ லத்தீன்தான், ஆனால் அங்கே அதற்குப் பன்மை வழங்கியதாகச் சான்று இல்லை. ‘வைரஸஸ்’ என்றே எழுதுங்கள். ‘ஜீனஸ்’ மாறி ‘ஜெனரா’ ஆகும். ‘பஸ்’ என்பதோ, ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வெறும் வால். அந்த வாலே லத்தீனில் பன்மை வேற்றுமை உருபுதான்! அதற்கு ‘பஸஸ்’ தவிர வேறு வழியில்லை. ஐயம் வந்தால் ஆங்கில விதிப்படி ‘இ எஸ்’ சேர்ப்பது பாதுகாப்பானது. தெரியாத இடத்தில் லத்தீன் போட்டுப் பார்ப்பதைவிட அது நல்லது.

‘ஃபைவ் இயர்ஸ் பிளான்’, ‘டென் ருபீஸ் நோட்’

இங்கே தமிழை அப்படியே பின்பற்றுங்கள். 1951இல் தொடங்கியதை ஐந்தாண்டுத் திட்டம் என்றோம், ‘ஐந்தாண்டுகள் திட்டம்’ என்று சொல்லவில்லை. பத்து ரூபாய் நோட்டு என்கிறோம், பத்து ரூபாய்கள் நோட்டு என்பதில்லை. ஆங்கிலமும் அதே: ‘ஃபைவ் இயர் பிளான்’, ‘டென் ருபீ நோட்’. எண்ணும் பெயரும் சேர்ந்து அடுத்த பெயரை விளக்கும்போது பன்மைக் குறி வராது. ‘ஐந்தாயிரம்’ என்பதில் ‘கள்’ இல்லாதது போலவே ‘ஃபைவ் தவுசண்ட்’ என்பதிலும் ‘எஸ்’ இல்லை.

‘ஒன் ஆஃப் மை பிரெண்ட்’ என்ற தவறுக்கும் இதே மருந்து. ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘கள்’ அங்கே இருக்கிறது. ‘பிரெண்ட்ஸ்’ என்று எழுதுங்கள்.

கூட்டுச்சொல்லில் ‘எஸ்’ எங்கே சேரும்?

எந்தப் பகுதி ஆளையோ பொருளையோ குறிக்கிறதோ, அங்கே. நாத்தனார்கள் இருவர் என்றால் ‘சிஸ்டர்ஸ் இன் லா’. வழிப்போக்கர்கள் ‘பாஸர்ஸ் பை’. இந்தியாவில் கடைசி ஆளாக ராஜாஜி வகித்த பதவியான கவர்னர் ஜெனரல் என்பதில் ‘ஜெனரல்’ பெயரடை, பிரெஞ்சு முறையில் பின்னால் நிற்கிறது. ஆகவே முறையான பன்மை ‘கவர்னர்ஸ் ஜெனரல்’. ‘டூத்பிரஷ்’ பல இருந்தாலும் ‘டூத்பிரஷஸ்’. முன்னால் உள்ள பல் பல்லாகவே இருக்கும், பற்பசைகள் பல வாங்கினாலும் நாம் ‘பற்கள்பசை’ என்று சொல்லாதது போல. ஆனால் ‘உமன் டாக்டர்’ மட்டும் இரண்டு பக்கமும் மாறும்: ‘விமின் டாக்டர்ஸ்’.

அகராதியில் இரண்டு பன்மைகள் இருக்கின்றன

முதலில் பொருள் வேறுபடுகிறதா என்று பாருங்கள். பூச்சியின் உணர்கொம்புகள் ‘ஆன்டெனீ’, வானொலிக்கு ‘ஆன்டெனாஸ்’. புத்தகத்தின் பின்னால் இருப்பவை ‘இண்டெக்ஸஸ்’, கணிதத்தில் ‘இண்டிசீஸ்’. துணித்துண்டுகள் ‘கிளாத்ஸ்’, உடுப்பவை ‘குளோத்ஸ்’. காசுகளை நாணயங்களாக எண்ணினால் ‘பென்னீஸ்’, தொகையாகச் சொன்னால் ‘பென்ஸ்’.

பொருள் வேறுபடாவிட்டால் அகராதி முதலில் தரும் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டுரை முடியும்வரை அதையே பயன்படுத்துங்கள். ‘சிலபஸ்’ பற்றி ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்: ‘சிலபஸஸ்’ சரியா, ‘சிலபை’ சரியா? இரண்டும் ஏற்கப்பட்டவை. 15ஆம் நூற்றாண்டில் சிசரோவின் கடிதங்களை அச்சிட்டபோது கிரேக்கச் சொல் ஒன்று தவறாக அச்சாகி, அந்தப் பிழையிலிருந்து பிறந்த சொல் அது. உண்மையான லத்தீன் பன்மை என்று அதற்கு ஒன்று இருந்ததே இல்லை. நான் ‘சிலபஸஸ்’ என்று எழுதுகிறேன்.